கியர் இல்லாத டம்பரும் ஒரு மலை இறக்கமும்

டம்பர் என்கிற ராட்சதக் கல் லாரி ஓடும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் கழுத்து அண்ணாந்தபடியே நின்றுவிடும். தரையில் இருக்கும் மனிதர்களைப் பார்க்கத்தான் தனியாகக் குனிய வேண்டியிருக்கும்.

ஒரு படிப்பைப் படித்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் வேலையில் போய் விழுந்து, "என்ன வேலை பார்க்கிறே?" என்று உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். அப்படியானால் நீங்கள் என் கட்சி. எண்பதுகளின் நடுவில் நான் இயற்பியல் பட்டத்தை வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் வீட்டோடு இருந்தேன். கடலோரத்தில் அலைத்தடுப்புக் கட்டும் வேலைக்குக் கல் கொடுக்க, ஒரு கம்பெனி திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்மலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. உச்சியில் உடைத்த பாறையைக் கீழே இருக்கும் கிரஷருக்கு இறக்குவதற்காக, வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஓடிய பெரிய டம்பர்களை வாங்கி வந்திருந்தார்கள். இரண்டு கியர் வண்டி, இரண்டு மின்சார வண்டி. எது இந்த மலைக்குத் தோதுப்படும் என்று ஓட்டிப் பார்த்து, பிறகு அந்த வகையிலேயே இன்னும் வாங்குவதாகத் திட்டம். ஆங்கிலத்தில் இருந்த கையேடுகளைத் தமிழில் எழுதி டிரைவர்களுக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. நாலு பேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்குக் குரல் எழும்பாது.

டிரைவர்களில் ஒருவர் ஏழுமலை அண்ணன். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்துக்காரர். கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்கு லோடு ஓட்டுவார். வெட்டு முடிந்தால் வேலையும் முடிந்துவிடும், அப்புறம் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். இங்கே வந்து கியர் டம்பரில் அவரைப் போல ஓட்ட ஆளில்லை என்று பெயர் வாங்கியிருந்தார். அதனாலேயே அவரை மின்சார வண்டிக்கு மாற்றினார்கள். அதை ஓட்டிக் காட்டினால் நிரந்தர வேலை. முடியாவிட்டால், கியர் வண்டிக்கு ஏற்கெனவே வேறு ஆள் போட்டாகிவிட்டது, பழையபடி கரும்பு லாரிதான். மேனேஜர் இதை எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.

ஏணி

முதல் நாள் என்னை வண்டியிடம் கூட்டிப்போனவர் மெக்கானிக் அந்தோணி அண்ணன். நான் போய் நின்ற இடத்தில் வானம் தெரியவில்லை, டயர்தான் தெரிந்தது. என் தலைக்கு மேலே இன்னொரு ஆள் நின்றால்தான் அதன் உச்சியைத் தொடலாம். சக்கரத்தின் நட்டு ஒவ்வொன்றும் சொம்பு அளவில் இருந்தது. எண்பது டன்னுக்கு மேல் கல் ஏற்றும் என்று கையேட்டில் படித்திருந்தேன். படித்தபோது அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வழக்கமாகவே வராது, அன்றைக்குச் சுத்தமாக வரவில்லை.

கேபினில் இருக்கும் கால்மிதிகளைப் பார்த்தால்தான் எழுத முடியும் என்பதால் ஏற வேண்டியிருந்தது. முன்பக்கத்தில் ஏணி. நான் புடவையில் இருந்தேன். அந்தோணி அண்ணன் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்த எல்லோரையும் அப்படியே திரும்பச் சொன்னார். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். மேலே மாடி அறை மாதிரி ஒரு கேபின். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஏரி, கரும்புக் கொல்லைகள், தூரத்தில் நூல் பிடித்த மாதிரி ரயில் பாதை. இறங்கி வந்ததும் என் முகத்தைப் பார்த்து அந்தோணி அண்ணன் சொன்னார்: "மேல ஏறிட்டா எல்லாருக்கும் நாமதான் ஓனருன்னு தோணும்மா. எறங்குனா போயிடும், பயப்படாத."

விழுப்புரம் ஜங்ஷன்

முதல் வகுப்பில் நான் எழுதிக்கொண்டு போனதை அப்படியே படித்தேன். "கியர் வண்டியில் இன்ஜினின் சுழற்சி டார்க் கன்வர்ட்டர், கியர் பெட்டி, நீண்ட ஷாஃப்ட் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. மின்சார வண்டியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது; ஜெனரேட்டர் கொடுக்கும் மின்சாரம் தடிமனான கேபிள் வழியாகப் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டாரைச் சுற்றுகிறது." நிமிர்ந்து பார்த்தேன். நாலு பேரும் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் புரியாதவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

தினமும் நான் ஏறுகிற ஜங்ஷன் அப்போது நினைவுக்கு வந்தது. மெட்ராசிலிருந்து வரும் வண்டிக்கு விழுப்புரத்தில் கரண்ட் இன்ஜினைக் கழற்றிவிட்டு, தெற்கே போக டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். "அந்த இரண்டு இன்ஜினும் ஒரே வண்டிக்குள் இருந்தால் எப்படியோ, அப்படி" என்றேன். எல்லோர் முகத்திலும் வெளிச்சம். மற்றொரு மின்சார வண்டியின் டிரைவர் காசிம் பாய், வாசலில் மேனேஜர் வந்து நிற்பதைக் கவனிக்காமல், சத்தமாகச் சொன்னார்: "அப்ப டீசல் இன்ஜினு நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லுங்க டீச்சரம்மா. சத்தம் மட்டும் அவருது, இழுக்கிறவன் பின்னால இருக்கான்."

பழத்துக்கே தெரியாது

ஆயுத பூஜைக்கு நாலு டம்பரையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழை மரம் கட்டி நிறுத்தினார்கள். அந்த டயரில் சந்தனம் வைக்க ஒரு தோண்டி சந்தனம் கரைக்க வேண்டியிருந்தது. மாலை வாங்கப் போனவர், "தேருக்கா?" என்று பூக்காரர் கேட்டதாக வந்து சொன்னார்.

கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலில் கியர் வண்டி. கியர் விழுந்ததும் ஒரு குலுக்கு குலுக்கி, முன்னால் தாவி, பழத்தை நசுக்கிவிட்டு நின்றது. மேலே கட்டியிருந்த தோரணம் பாதி கீழே விழுந்தது. அடுத்து காசிம் பாயின் மின்சார வண்டி. இன்ஜின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பிவிட்டதா இல்லையா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயர் பழத்தின் மேல் ஏறிவிட்டது. அத்தனை பெரிய எடை எந்த அதிர்ச்சியும் இல்லாமல் நகர்ந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. கியரே இல்லை, மாற்றவும் வேண்டாம், தேயவும் ஒன்றும் இல்லை. காசிம் பாய் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, கியர் வண்டிக்காரர்களைச் சீண்டினார்: "நீங்க பழத்தைக் கொல்றீங்கப்பா. என்னுது தாலாட்டி அனுப்புது."

சும்மா இருக்கும் கை

ஏழுமலை அண்ணன் சமதளத்தில் பழகும்போது கேபினில் இருந்த பயிற்சியாளர் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் கூடக் கூட, கை தானாகவே ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, இல்லாத கியரைத் தேடியது. தேடிவிட்டு, வெட்கப்பட்ட மாதிரி தொடையில் போய் உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்றும் கவனித்தேன். அவர் மீட்டரைப் பார்ப்பதே இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து இன்ஜினைக் கேட்டுத்தான் ஓட்டுவார். கியர் வண்டியில் ஏற்றம் வந்தால் இன்ஜின் முனகும், கியர் மாறினால் மூச்சு விடும். அந்தச் சத்தத்தை வைத்தே எவ்வளவு லோடு, எவ்வளவு சரிவு என்று சொல்லிவிடுவார். இதிலோ ஏறினாலும் ஓடினாலும் இன்ஜினுக்கு அந்த ஏற்ற இறக்கம் இல்லை. நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இதோட பேச்சுவார்த்தையே இல்ல டீச்சரம்மா. கோவிச்சுக்கினு இருக்கிற பொண்டாட்டி கூட ஊருக்குப் போறாப்ல இருக்குது."

முதல் இறக்கம்

எங்கள் மலையில் சிரமமெல்லாம் இறக்கத்தில்தான். வெறும் வண்டியாக ஏறி, முழு லோடோடு இறங்க வேண்டும். சாதாரண பிரேக்கை நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே அது சூடேறிப் போய்விடும். கியர் வண்டியில் அதற்கு ரிடார்டர் என்று ஒன்று உண்டு. கையால் ஒரு நெம்புகோலை இழுத்தால் எண்ணெய் சக்கரத்தின் வேகத்தைப் பிடித்து வைக்கும். மின்சார வண்டியில் அது கால்மிதி. மிதித்தால் சக்கர மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். இறங்கும் வண்டியின் வேகம் மின்சாரமாகி, கேபினுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பிகள் அடுக்கிய ஒரு பெரிய கிரிட் பெட்டியில் அடுப்புக் கம்பி மாதிரி பழுத்து, வெறும் சூடாகக் காற்றில் போய்விடும். பிரேக் கட்டை தேயவே தேயாது. இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்தேன். ஒரு மலையின் உயரத்தை ஊதித் தள்ளிவிடுகிறார்கள்!

ஒரே ஒரு சங்கதி. அந்த மிதியை மிதித்தால், சூடேறும் மோட்டாரைக் குளிரவைப்பதற்காக, இன்ஜின் பெரிதாகக் கத்தும். வகுப்பில் இதைப் படித்துக் காட்டினேன். ஏழுமலை அண்ணன் தலையாட்டினார். ஆனால் தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. லோடோடு முதல் முறை இறங்கியபோது மிதியை அழுத்தினார், இன்ஜின் அலறியது. காலால் அழுத்தி இன்ஜின் அலறினால் அது ஆக்ஸிலேட்டர் என்றுதான் அவருடைய இத்தனை வருஷ லாரிக் கால் சொன்னது. சட்டென்று காலை எடுத்துவிட்டார். வண்டி ஓட ஆரம்பித்தது. திரும்ப மிதித்தார், திரும்ப அலறியது, திரும்ப எடுத்தார். கடைசியில் சாதாரண பிரேக்கை நின்றுகொண்டே மிதித்து, பாதை ஓரத்து மண்கரையில் முட்டவைத்து நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. அவர் இறங்கி வந்து டயர் நிழலில் உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் கோபப்படாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது: "இன்னொரு தடவை பார்ப்போம் ஏழுமலை. அதுலயும் இப்படின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

தண்ணீர்

அந்த இன்னொரு தடவை வருவதற்குள் மழை வந்துவிட்டது. மலையடியில் பாதை தாழ்ந்திருந்த இடத்தில் குளம் மாதிரி தண்ணீர் நின்றது. கியர் வண்டிகள் எருமை இறங்குவது போல அதில் இறங்கி, அலையடிக்க அக்கரை ஏறிப் போயின. மின்சார வண்டிகள் இரண்டும் கரையில் நின்றன. சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கிறதே, தண்ணீர் புகுந்தால் முடிந்தது. அந்தோணி அண்ணனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கியர் பெட்டி கெட்டால் அவரே புளியமரத்தடியில் பிரித்துப்போட்டுச் சரிசெய்துவிடுவார். சக்கர மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துபோனால் மெட்ராசுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதிக லோடோடு மெதுவாக ஏறினாலும் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். "எண்ணெய் கசிஞ்சா கண்ணுக்குத் தெரியும். கரண்ட் கசிஞ்சா தொட்டவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். ஒருமுறை தொட்டவர் அவர்.

ஏழுமலை அண்ணன் சிரிக்கவில்லை. குடை இல்லாமல் கரையில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவராகவே சொன்னார்: "ஊர்ல கரும்பு வெட்டு ஆரம்பிக்கப் போவுது. லாரிக்கு ஆள் சேக்குறாங்க, வர்றியான்னு சொல்லியனுப்பினாங்க. இந்தத் தண்ணி வடிஞ்சப்புறம் சொல்றேன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

துண்டு

தண்ணீர் வடிந்து, காசிம் பாயின் வண்டி மட்டும் மறுபடி ஓட ஆரம்பித்தது; ஏழுமலை அண்ணனின் வண்டி அந்த இன்னொரு தடவைக்காகக் காத்து நின்றது. ஒரு காலையில் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் தன் ஈரத் துண்டைக் காயப்போட, கிரிட் பெட்டிக்கு எதிரே இருந்த கைப்பிடிக் கம்பியில் கட்டியிருந்தார். மேலே ஏறும்போது அது துவண்டு தொங்கியது. லோடோடு இறங்கும்போது கம்பியிலிருந்து நேராக, கஞ்சி போட்ட மாதிரி விறைத்துப் பறந்தது. கீழே வந்து வண்டி நின்றதும் மறுபடி துவண்டு தொங்கியது. ஓட்டத்தில் அடிக்கிற காற்று என்றால் அது பின்பக்கம்தானே பறக்கவேண்டும்? இது பக்கவாட்டில் பறந்தது. ஓடிப்போய்க் கையேட்டைப் பிரித்தேன். கிரிட் பெட்டியைக் குளிரவைக்கும் காற்றாடி, வண்டி தன்னைத் தானே பிடிக்கும்போது உண்டாகும் அதே மின்சாரத்தில்தான் சுற்றுகிறது. பிரேக் பிடித்தால் காற்று. காற்று இருந்தால் பிரேக்.

டீக்கடைப் பந்தலில் நாலைந்து பேரோடு ஏழுமலை அண்ணன் இருந்தார். நான் இரண்டு முறை அருகில் போய், இரண்டு முறையும் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அவரே, "இன்னா டீச்சரம்மா, டீ வேணுமா?" என்றார். எல்லோரும் பார்க்க, துண்டைப் பற்றிச் சொன்னேன். குரல் எனக்கே கேட்டிருக்காது. அவர் கிளாசைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "காதை நம்பாத, காதை நம்பாதன்னு அத்தினி பேரும் சொன்னாங்க. வேற எதை நம்புறதுன்னு ஒருத்தரும் சொல்லல பாருங்க."

பறக்குது

மறுநாள் அவர் புதுசாக ஒரு சிவப்புத் துண்டோடு வந்தார். காற்றாடிக்குள் இழுபடாத மாதிரி, வெளிப்பக்கக் கம்பியில் அந்தோணி அண்ணன் அதை முறுக்கிக் கட்டினார். மேனேஜர் அண்ணாந்து பார்த்து, "என்ன இது, திருவக்கரை அம்மனுக்கு வேண்டுதலா?" என்றார். ஏணியில் ஏறப்போன ஏழுமலை அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்களும் ஏறுங்க. நான் ரோட்டைப் பாக்கணும். துண்டைப் பாத்து நீங்க சொல்லுங்க."

உச்சியில் லோடு விழ விழ வண்டி அமுங்குவது இருக்கையில் தெரிந்தது. இறக்கம் தொடங்கியது. கண்ணாடிக்குக் கீழே சாலை மறைந்து, நேரே வானமும் வெகு கீழே கிரஷரும் தெரிந்தன. அவர் மிதியை அழுத்தினார். இன்ஜின் அலறியது. அவருடைய முழங்கால் மேலே எழும்பத் துடிப்பதைப் பார்த்தேன். பக்கத்துக் கம்பியில் சிவப்புத் துண்டு படாரென்று விறைத்தது. "பறக்குது!" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "பறக்குது!" என்று கத்தினேன். முழங்கால் அடங்கியது. வளைவில் இன்ஜின் இன்னும் பெரிதாக அலறியது. "பறக்குது அண்ணே! பறக்குது! பறக்குது!" என் வாழ்நாளில் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. நூறு டன்னுக்கு மேலான ஒரு இரும்பு மலை, கல் மலையிலிருந்து, ஒருவர் காலுக்கு அடங்கி நடந்து இறங்கிக்கொண்டிருந்தது; அதன் வேகமெல்லாம் என் பக்கத்து ஜன்னலில் அனலாக வீசிப் போய்க்கொண்டிருந்தது. மண்கரையில் முன்பு முட்டிய இடத்தைத் தாண்டினோம். அதற்கும் கீழே ஓரிடத்தில் அவர் என்னைப் பார்க்காமலே, "போதும்மா, காலுக்கே தெரியுது" என்றார். நான் நிறுத்த முடியாமல் இன்னும் இரண்டு முறை கத்தினேன்.

கிரஷரில் கல்லைக் கொட்டிவிட்டு இறங்கியபோது அந்தோணி அண்ணன், காசிம் பாய் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஏழுமலை அண்ணனின் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். "நாளையிலேர்ந்து இந்த வண்டி உன்னுதுய்யா. கரும்பு லாரிக்காரனுக்கு வர்லைன்னு சொல்லிடு. அந்தத் துண்டை மட்டும் அவுத்துடு, பாக்கிறவங்க சிரிப்பாங்க." ஏழுமலை அண்ணன் அண்ணாந்து துண்டைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அது துண்டு இல்ல சார், மீட்டரு."

ஒரு மலையையே அனலாக்கி ஊதிவிடும் வண்டியில் உட்கார்ந்து ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்த நான், மறுநாள் காலை ரயிலில் பக்கத்துப் பெண்மணியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லக் கூச்சப்பட்டுத் திண்டிவனம் வரை நின்றுகொண்டேதான் போனேன்.